தீப்பெட்டித் துண்டு

பரீட்சை வியாழக்கிழமை. மாமியாரைச் செவ்வாய்க்கிழமையே திருப்பிப் போடப்போகிறார்கள் என்று மேனேஜர் வந்து சொன்னதும் கொக்கி அவர் பின்னாலேயே ஓடினாள்.

"சார், பரீட்சை முடிஞ்சப்புறம் திருப்பலாமே? ரெண்டு நாள்தானே?"

"இழுவைப்படகுக்காரர் செவ்வாய்க்கிழமையை விட்டா இன்னும் ரெண்டு மாசத்துக்கு ஆகாதுங்கறார். சக்கரம் அதுவரைக்கும் தாங்காதும்மா. நான் என்ன பண்ணட்டும்?"

மாமியார் என்பது அந்த லைனின் ஒரே டீசல் இன்ஜின். காலையில் ஸ்டார்ட் செய்தால் கால் மணி நேரம் இருமும், முனகும், யாரையோ திட்டித் தீர்ப்பதுபோல ஒரு சத்தம் போடும். அப்புறம்தான் நகரும். நகர ஆரம்பித்துவிட்டால் எல்லோர் வேலையையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்யும். அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று தெரியாது. கொக்கி வேலைக்குச் சேர்ந்தபோதே இருந்தது. வீட்டில் இருக்கும் அசல் மாமியாருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

லைன் மொத்தம் நாலரைக் கிலோமீட்டர். பெரிய ரயில்வே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிற வேகன்களை வாங்கிக்கொண்டு, துறைமுகக் கரையோரத் தொழிற்சாலைகளுக்கு வாசல் வாசலாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, காலியானதும் திரும்பக் கொண்டுவந்து விடுவது. இவ்வளவுதான் அதன் வேலை. முதலில் குதிரைகள் இழுத்தன. பிறகு நீராவி இன்ஜின்கள். அதற்குப் பிறகு மாமியார். ஒரு காலத்தில் முப்பத்தொரு தொழிற்சாலைகளுக்குக் கிளை பிரிந்ததாம். ஆபீஸ் சுவரில் தொங்கும் பழைய வரைபடத்தில் லைன் ஒரு சீப்பு மாதிரி இருக்கும். இப்போது அந்தச் சீப்பில் ஆறு பல் மிச்சம். ஆனால் அந்த ஆறுக்கே காலை ஏழிலிருந்து மாலை ஐந்துவரை மூச்சுவிட நேரமில்லை.

கரை எப்படி வளைகிறதோ அப்படியே லைனும் வளையும். எல்லா வளைவும் ஒரே பக்கம், கடல் பக்கம். அதனால் இன்ஜினின் ஒரு பக்கத்துச் சக்கரங்கள் மட்டும் தேயும், ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பவரின் செருப்பு மாதிரி. நாலு வருஷத்துக்கு ஒருமுறை இன்ஜினைத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிவிட்டால், அடுத்த நாலு வருஷம் மறுபக்கம் தேய்ந்து இரண்டும் சரியாகிவிடும். திருப்புவதற்குக் கரையில் இடமில்லை. ஒரு பக்கம் கிடங்குகள், கடல். மறுபக்கம் வீடுகள், தெரு. ஆகவே மாமியாரைக் கடலில் வைத்துத்தான் திருப்புவார்கள்.

இதெல்லாம் கொக்கிக்குப் புதிதல்ல. ஒன்பது வருஷமாக வேகன்களைக் கோப்பதும் கழற்றுவதும் அவள் வேலை. அதனால்தான் அந்தப் பெயர். நாற்பது கிலோ இரும்புக் கொக்கியைத் தூக்கி மாட்டி மாட்டி அவள் வலது தோள் இடது தோளைவிட அரை அங்குலம் இறங்கியிருந்தது. தையல்காரி ரவிக்கைக்கு அளவெடுக்கும்போதெல்லாம் "நேரா நில்லுங்க" என்பாள். "நேராத்தான் நிக்கறேன்" என்பாள் இவள்.

இன்ஜினை ஓட்டுவது பாப்பா. கணவரின் தங்கை. பிறந்தபோது வைத்த செல்லப்பெயர், முப்பத்தெட்டு வயதிலும், எண்பது கிலோவிலும், எண்ணெய்க் கறை படிந்த காக்கிச் சட்டையிலும் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் அண்ணி சொல்வதை நாத்தனார் கேட்பாள். லைனில் நாத்தனார் சொல்வதை அண்ணி கேட்பாள். யார் பேச்சு எங்கே எடுபடும் என்பது ஆபீஸ் கேட்டைத் தாண்டும்போது மாறும். அந்த கேட்டுக்கு நடுவில் நின்று மட்டும் இரண்டு பேரும் சண்டை போடமாட்டார்கள். யார் ஜெயிப்பது என்று தீர்மானிக்க முடியாது.

பாப்பாவுக்குப் பெரிய ரயில்வேயில் வேலை கிடைத்துவிட்டது. ஒன்றாம் தேதி போய்ச் சேர வேண்டும். அந்த நாற்காலி இருபது வருஷத்துக்கு ஒருமுறைதான் காலியாகும். பரீட்சையில் தேறினால் கொக்கி அதில் உட்காரலாம். தேறாவிட்டால் வெளியிலிருந்து ஒரு டிரைவரைக் கொண்டுவருவார்கள். அவன் சின்ன வயசுக்காரனாக வேறு இருந்துவிட்டால், அவன் ஓய்வு பெறும்வரை இவள் கொக்கி தூக்க வேண்டியதுதான்.

"வரப்போறவன் நல்லவனா இருந்தா?" என்று கணவர் ஒருநாள் கேட்டார்.

"நல்லவனா இருந்தா இன்னும் மோசம். திட்டக்கூட முடியாது" என்றாள் கொக்கி.

இரண்டு வருஷமாக, மதியச் சாப்பாட்டு நேரத்தில், பாப்பாவின் பக்கத்தில் நின்று ஓட்டிப் பழகியிருந்தாள். எல்லாம் கடல் பக்கத்து ஜன்னலிலிருந்து. டிரைவர் நாற்காலி கடல் பக்கம் இருந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்கு மேல் அது வீடுகள் பக்கம் வந்துவிடும்.

*

செவ்வாய்க்கிழமை கடல் அமைதியாக இருந்தது. முதுகில் தண்டவாளம் பதித்த தட்டையான மிதவை ஒன்று கரையோடு கட்டப்பட்டிருந்தது. அதன் இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கும். பாப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு மாமியாரை அங்குலம் அங்குலமாக அதன்மேல் ஏற்றினாள். மிதவை ஒருமுறை அமுங்கி எழுந்தது. கொக்கி சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டைகளை அடித்து இறுக்கினாள்.

"ஏறியாச்சா உங்க மாமியார்?" என்று இழுவைப்படகுக்காரர் ஒலிபெருக்கியில் கேட்டார். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. "கெட்டியாக் கட்டியிருக்கீங்களா? போன தடவை மாதிரி ஆடப்போறாங்க!"

கரையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி வாயில் கைவைத்துக்கொண்டாள்.

படகு இழுத்தது. கரையிலிருந்து முந்நூறு அடி போய், மிதவையை அரைவட்டமாகச் சுற்றி, எதிர்முனையைக் கரைக்குக் கொண்டுவந்தது. மூக்கைக் கடல் பக்கம் நீட்டிக்கொண்டு போன மாமியார், மூக்கைக் கரைப் பக்கம் நீட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். மொத்தம் பதினெட்டு நிமிஷம். அந்தப் பதினெட்டு நிமிஷமும் கொக்கி இன்ஜினின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்க்காமல் பாப்பாவையே பார்த்தாள்.

"அண்ணி, மூஞ்சியை ஏன் இப்படி வச்சிருக்கீங்க? கப்பல்லயா போறோம்?"

"பாப்பா, நான் ரெண்டு வருஷமா படிச்சதெல்லாம் கண்ணாடியில பார்த்த மாதிரி இடம் வலமா மாறிப்போச்சே."

"நாலு வருஷம் முன்னாடி எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. அதுக்கும் நாலு வருஷம் முன்னாடி இந்தப் பக்கத்துலதான் இருந்தேன். அந்த அடையாளமெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. நாளைக்குச் சொல்லித்தரேன்."

"ஒரே நாள்ல?"

"மூணே மூணு அடையாளம் அண்ணி. பொட்டு வைக்கிற நேரத்துல சொல்லிடுவேன்."

பயத்துக்குக் காரணம் மாவு மில். லைனின் கோடியில் இருந்தது அது. தண்டவாளங்களுக்கு நடுவே, கம்பிச்சட்டம் போட்ட குழி ஒன்று இருக்கும். இன்ஜின் பின்னாலிருந்து நாலு கோதுமை வேகன்களைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். முதல் வேகனின் அடிக்கதவு அந்தக் குழிக்கு நேராக நிற்க வேண்டும். அரை முழம் தப்பினாலும் கோதுமை தண்டவாளத்தில் கொட்டி, ஊரிலுள்ள புறாவெல்லாம் வந்துவிடும். குழி கடல் பக்கம் திரும்பும் வளைவில் இருந்தது. டிரைவர் கடல் பக்கம் உட்கார்ந்திருந்தால், குழிக்காரர் காட்டும் கொடி தெரியும். வீடுகள் பக்கம் உட்கார்ந்தால் வேகன்கள் மறைத்துக்கொள்ளும். குழியருகே அந்தப் பக்கத்தில் ஆள் நின்று கொடி காட்டவும் முடியாது. அங்கே வீடுகளின் சுற்றுச்சுவர் வேகனை உரசுகிற மாதிரி நெருங்கி வந்துவிடும். தினசரி வேலையில் வாக்கிடாக்கி இருக்கிறது, பிரச்சினை இல்லை. பரீட்சையில் அதைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பாப்பா முன்பே சொல்லியிருந்தாள்.

*

வீடுகள் பக்கத்து ஆட்களுக்கோ ஒரே சந்தோஷம். நாலு வருஷம் டிரைவரின் முதுகைப் பார்த்தவர்களுக்கு இனி முகம் கிடைக்கும்.

"இப்பத்தான் எங்க ஞாபகம் வந்துச்சா?" என்று டீக்கடைக்காரர் புதன்கிழமை காலையில் ஜன்னல் வழியே இரண்டு கிளாஸ் டீயை நீட்டினார். "நாலு வருஷமா கிடங்குச் சுவரைப் பார்த்துப் பல்லிளிச்சிட்டுப் போனீங்க."

"கிடங்குச் சுவர் பழைய பாக்கி கேக்காம சிரிக்கும்" என்றாள் பாப்பா.

சலூன்காரர் சீப்பும் கையுமாக ஓடிவந்தார். பாதி சவரத்தில் விடப்பட்ட வாடிக்கையாளர் சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தார். "நாளைக்குப் பரீட்சையாமே? இந்தத் தெருவுலேர்ந்து ஒருத்தி டிரைவராகப்போறான்னா எங்களுக்குப் பெருமை இல்லையா? நாங்க என்ன செய்யணும் சொல்லும்மா."

"ஒண்ணும் செய்யாதீங்கண்ணே, அதுவே போதும்" என்றாள் கொக்கி.

இந்த வார்த்தையை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்.

பாப்பா மூன்று அடையாளங்களையும் காட்டினாள். சலூனின் நீலப் பலகை ஜன்னலைக் கடக்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். டீக்கடையின் வெடிப்பு விழுந்த தூண் வரும்போது நடைவேகத்துக்கு வந்துவிட வேண்டும். கடைசியாகச் சுற்றுச்சுவரில் ஒரு பழைய ஈரக்கறை. படுத்திருக்கும் ஆடு மாதிரி இருக்கும். ஆட்டின் கொம்பு ஜன்னலின் நடுவே வரும்போது நிற்க வேண்டும். அப்போது அங்கே, நாலு வேகன் தள்ளி, அடிக்கதவு குழிமேல் இருக்கும்.

கொக்கி அன்று ஏழுமுறை ஓட்டிப் பார்த்தாள். முதல் மூன்று தடவையும் புறாக்கள் வந்தன. பிறகு நாலு தடவை கச்சிதமாக நின்றது. நாற்காலியில் பாப்பா உட்காருவதுபோலவே முதுகைச் சாய்த்து, ஒரு முழங்கையை ஜன்னலில் வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

"பார்த்தீங்களா? கொம்பைப் பார்த்தா நில்லு. அவ்வளவுதான் பரீட்சை" என்றாள் பாப்பா.

*

பரீட்சை அதிகாரி ஒல்லியாக, நெட்டையாக இருந்தார். ஒரு கையில் அளவுநாடா, இன்னொரு கையில் மடக்கு ஸ்டூல். வணக்கம் சொன்னதற்குத் தலையாட்டினார். சிரிப்பது கேள்வித்தாளில் இல்லை போலிருந்தது.

பிரேக் சோதனை, சிக்னல் கேள்விகள், இரண்டு கிளைகளில் வேகன் மாற்றுவது எல்லாம் பதினொரு மணிக்குள் முடிந்தன. கொக்கி வேலையைப் பாப்பா பார்த்தாள். பழக்கமில்லாமல் நாற்பது கிலோவைத் தூக்கியதில் அவள் முகம் தக்காளியாகியிருந்தது. "அண்ணி, இதையா தினமும் தூக்கறீங்க? சொல்லவே இல்லையே!" என்று கிசுகிசுத்தாள்.

"தினமும் சொன்னேன். உன் ஹாரன் சத்தத்துல உனக்குக் கேக்கல."

கடைசியில் மாவு மில்.

"வாக்கிடாக்கியைக் கொடுங்க" என்றார் அதிகாரி. வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். "பேட்டரி தீர்ந்துபோச்சுன்னு வச்சுக்குங்க. கொடி தெரியல. உங்க கணிப்புல நிறுத்தணும். ரெண்டு வாய்ப்பு. ரெண்டும் தப்பினா அடுத்த வருஷம்தான்."

"சரிங்க சார்."

அவர் ஸ்டூலை விரித்து, கொக்கியின் பின்னால் உட்கார்ந்தார். வேகன்களை ஒட்டிய இன்ஜின் படியில் பாப்பா ஏறி நின்றாள். லெவல் கிராசிங்கைத் தாண்டி, நாலு வேகன்களைத் தள்ளிக்கொண்டு மாமியார் புறப்பட்டாள்.

நீலப் பலகை வரவேண்டிய இடத்தில் நீலப் பலகை வரவில்லை. பளபளவென்று மஞ்சள் பலகை ஒன்று வந்தது. அதுவும் பத்தடி தள்ளி, வாசலின் மறுபக்கத்தில். அதன் கீழே சலூன்காரர் புதுச்சட்டை போட்டுக்கொண்டு நின்று இரண்டு கையையும் ஆட்டினார்.

கொக்கி அரைகுறையாக வேகத்தைக் குறைத்தாள்.

டீக்கடைத் தூணின் வெடிப்பைக் காணோம். சிமெண்ட் பூசி, பெயிண்ட் அடித்து, அத்தனை தூணும் இரட்டைப் பிறவி மாதிரி நின்றன. டீக்கடைக்காரரும் கையை ஆட்டினார்.

கொக்கிக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. சுவரைப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்தாள். விடியற்காலையிலிருந்து தெருவே சேர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். பரீட்சை அதிகாரி வருகிற சமயத்தில் தெரு அழுக்காக இருந்தால் நம்ம பெண்ணுக்கல்லவா கெட்ட பெயர்! ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சுவர் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஆடும் இல்லை, கொம்பும் இல்லை.

ஏதோ ஓர் இடத்தில் பிரேக்கைப் பிடித்தாள். மாமியார் முனகி நின்றாள்.

அதிகாரி இறங்கிப் போய்க் குழியருகே அளவுநாடாவை விரித்தார். திரும்பி வந்து, "ஆறடி தாண்டிப் போயிருக்கு. ஒரு வாய்ப்பு போச்சு" என்றார். குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. "பின்னால எடுங்க. கிராசிங்லேர்ந்து மறுபடியும்."

பாப்பா படியிலிருந்து கத்தினாள். "அண்ணி! என்னாச்சு?"

"சுவரைக் காணோம்!"

"என்னது?"

"பேசக் கூடாது" என்றார் அதிகாரி.

கிராசிங்வரை பின்னால் வரும்போது கொக்கி சுவரையே பார்த்துக்கொண்டு வந்தாள். சுவரோரமாகச் சலூன்காரரும் டீக்கடைக்காரரும் தலையைத் தலையை ஆட்டி ஏதோ பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. நேற்று பாப்பா 'கொம்பு, கொம்பு' என்று கத்தியது இப்போதுதான் ஞாபகம் வந்து அவர்களும் புரிந்துகொண்டுவிட்டார்கள் போலிருக்கிறது. டீக்கடைக்காரர் கடைக்குள் ஓடினார்.

இன்ஜின் நின்றது. இனி ஒரே ஒருமுறை. கொக்கி முன்னால் எட்டிப் பார்த்தாள். படியில் பாப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றாள். ஒன்பது வருஷமாக அது இவள் நிற்கிற இடம். பாப்பாவுக்கு அங்கே நிற்கத் தெரியவில்லை. முழங்காலை மடக்காமல் நிற்கிறாள். அப்படி நின்றால் ஒவ்வொரு தண்டவாள இணைப்பிலும் மண்டைவரை அதிருமே. முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி நிற்க வேண்டும். அப்போது அதிர்வு பாதத்தோடு நின்றுவிடும். பாதமே எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளும்.

கொக்கி தன் பாதத்தைப் பார்த்தாள்.

பழைய தொழிற்சாலை ஒன்றை மூடினால், அதற்குத் தண்டவாளம் பிரியும் பாயிண்ட்டைப் பெயர்த்து எடுத்துவிடுவார்கள். எடுத்த இடத்தில் முழு நீளத் தண்டவாளம் சரிப்படாது. ஒரு குட்டைத் துண்டைப் போட்டு அடைப்பார்கள். முழுத் தண்டவாளத்தின்மேல் சக்கரம் 'டக்' என்று சொல்லிவிட்டு வெகுநேரம் சும்மா இருக்கும். துண்டின்மேல் 'டக்-டக்' என்று அவசரமாக இரண்டு. ஆபீஸ் வரைபடத்தை வைத்துக்கொண்டு கொக்கி ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் வைத்திருந்தாள். கிராசிங் தாண்டியதும் கயிறு. அப்புறம் பொத்தான். அப்புறம் சோப்பு. மில்லுக்கு முன்னால் தீப்பெட்டி. அவள் பிறப்பதற்கு முன்பே மூடிப்போன தொழிற்சாலைகள். படியில் நின்று போகும்போது வேறு வேலை இல்லாமல், வெறுமனே, பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல மனசுக்குள் சொல்லிக்கொண்டே போவாள். அதற்கு ஒரு பயன் உண்டு என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

தீப்பெட்டித் துண்டின்மேல் இன்ஜினின் முன்சக்கரங்கள் ஒருமுறை தடதடக்கும். பின்சக்கரங்கள் இன்னொருமுறை. அந்த இரண்டாவது தடதடப்பு தொடங்கி, முடிவதற்குள் இன்ஜின் நின்றிருக்கும். உடனே அவள் கீழே குதித்து வேகன்களைக் கழற்றுவாள். கடல் பக்கம் பார்த்து ஓட்டிய நாலு வருஷமும் அப்படித்தான். அதற்கு முந்திய நாலு வருஷமும் அப்படித்தான். மாமியாரைத் திருப்பிப் போட்டதில் முகம் மாறியது, முதுகு மாறியது, ஜன்னல் மாறியது. ஆனால் சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றுதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் காலடி ஒன்றுதான்.

கொக்கி நாற்காலியிலிருந்து எழுந்தாள். அதைக் காலால் பின்னுக்குத் தள்ளினாள்.

"சார், நின்னுட்டு ஓட்டலாமா?"

அதிகாரி யோசித்தார். "உட்கார்ந்துதான் ஓட்டணும்னு விதி எதுவும் இல்ல."

முழங்காலைத் தளர்த்தினாள். பிரேக்கை விட்டாள்.

கயிறு. டக்-டக். மஞ்சள் பலகை வந்தது, போனது. அவள் கண் லைனில் இருந்தது, காது காலில் இருந்தது. பொத்தான். வேகத்தைக் குறைத்தாள். சோப்பு வந்தது, சோப்பில் முதல் இணைப்பு எப்போதுமே கொஞ்சம் தூக்கிப்போடும், இன்றும் தூக்கிப்போட்டது. நடைவேகம். இரட்டைப் பிறவித் தூண்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன.

அப்போது வெள்ளைச் சுவரில் ஆடு தெரிந்தது.

அதே கபில நிறம். அதே மாதிரி படுத்திருந்தது. கொம்புகூட இருந்தது. இன்னும் ஈரமாக, கீழ்நோக்கி வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் காலி டீப் பாத்திரத்தோடு டீக்கடைக்காரர் மூச்சிரைக்க ஒதுங்கி நின்றார். கொம்பைக் காட்டிக் காட்டி, 'இங்கே, இங்கே' என்று தலையசைத்தார்.

தீப்பெட்டி. முன்சக்கரங்கள் தடதடத்தன.

ஆடு இன்னும் தூரத்தில் இருந்தது. நேற்றைய ஆடு இவ்வளவு தூரத்தில் இருந்ததா? கண் சொன்னது, இன்னும் போ, கொம்பு வரட்டும். கால் சொன்னது, அடுத்த தடதடப்பில் நில். டீக்கடைக்காரர் முப்பது வருஷமாக அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பவர். அவருக்குத் தெரியாதா? ஆனால் அவர் பார்த்தது கடையிலிருந்து, சாய்வாக. இவள் காலோ அந்தத் துண்டின்மேல் தினமும் நின்றது.

பின்சக்கரங்கள். டக்—

பிரேக்கைப் பிடித்தாள்.

மாமியார் ஒரு பெருமூச்சு விட்டு நின்றாள். ஆட்டின் கொம்பு இன்னும் நாலைந்து அடி தள்ளி இருந்தது. டீக்கடைக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தார். சுவரின் ஈர வெள்ளை முழுக்க அவர் முதுகில் ஏறியது.

அதிகாரி அளவுநாடாவோடு இறங்கிப் போனார். கொக்கி இறங்கவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி, முன்னால் இருந்த பிரேக் மானியின் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள். முள் ஆடவில்லை.

அவர் திரும்பி வர வெகுநேரம் ஆனது போலிருந்தது. அளவுநாடாவைச் சுற்றிச் சுற்றி அதன் பெட்டிக்குள் விட்டார். நோட்டில் எழுதினார்.

"நாலு விரல்" என்றார்.

"தாண்டியா சார்?"

"தாண்டினா என்ன, குறைஞ்சா என்ன, நாலு விரல்னா நாலு விரல். அரை முழம்வரைக்கும் ஒத்துக்கலாம்." பேனாவை மூடினார். "தேறியாச்சு."

படியில் இருந்த பாப்பா போட்ட கூச்சலில் மில் கூரையிலிருந்த புறாக்கள் அத்தனையும் பறந்தன. குதித்து இறங்கி ஓடிவந்து அண்ணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். எண்பது கிலோ. கொக்கியின் இறங்கிய தோள் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

அதிகாரி ஸ்டூலை மடக்கினார். போகத் தொடங்கியவர் நின்றார். "ஒண்ணு கேக்கணும். இது பரீட்சையில சேராது. முதல்ல ஆறடி தப்பு. அப்புறம் நாலு விரல். நடுவுல என்ன பண்ணினீங்க?"

"தீப்பெட்டி வந்ததும் நிறுத்திட்டேன் சார்."

"எந்தத் தீப்பெட்டி? இங்க தீப்பெட்டித் தொழிற்சாலையே இல்லையே."

"இருந்துச்சு சார். அம்பது வருஷத்துக்கு முன்னாடி."

கொக்கி சொன்னாள். கயிறு, பொத்தான், சோப்பு. எடுத்துவிட்ட பாயிண்ட்டுகள், அவற்றின் இடத்தில் போட்ட துண்டுகள். சொல்லச் சொல்ல அவளுக்கே வெட்கமாக இருந்தது, சின்னப் பிள்ளை விளையாட்டை விளக்குவது மாதிரி. அதிகாரி நோட்டை மறுபடியும் திறந்து எழுத ஆரம்பித்தார். பாதியில், "சோப்புக்கு முன்னாடி என்ன சொன்னீங்க?" என்று கேட்டார்.

"பொத்தான் சார்."

"மொத்தம் எத்தனை துண்டு இருக்கு?"

"இருபத்தஞ்சு. முப்பத்தொண்ணுல ஆறு இன்னும் ஓடுதே."

"எல்லாத்துக்கும் பேர் இருக்கா?"

"இருக்கு சார்."

"கிராசிங் வரைக்கும் வண்டியிலேயே வரேன்" என்றார் அவர். ஸ்டூலை விரிக்கவில்லை. கொக்கியின் பக்கத்தில் வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முழங்காலைக் கொஞ்சம் தளர்த்திக்குங்க சார்" என்றாள் கொக்கி.

அதற்குள் தெரு கூடிவிட்டது. சலூன்காரர் சுவரோரமாகக் கையைப் பிசைந்துகொண்டு வந்தார். "அம்மா, நாங்க நல்லது செய்யறதா நினைச்சு... அந்தப் பழைய பலகையைத் திரும்ப மாட்டிடட்டுமா? ஆட்டைக்கூட சரியான இடத்துல போட்டுத் தரோம். இவர் ஒரு பாத்திரம் டீ ஊத்தத் தயாரா இருக்கார்."

"எத்தனை பாத்திரம் வேணாலும்" என்றார் டீக்கடைக்காரர், முதுகு வெள்ளையாக.

"வேணாம்ணே. சுவர் நல்லாத்தான் இருக்கு" என்றாள் கொக்கி. "அந்த டீயைக் கிளாஸ்ல ஊத்திக் கொடுங்க. சாருக்கும் ஒண்ணு."

ஜன்னல் வழியே டீ வந்தது. பாப்பா கீழே நின்று வேகன்களைக் கழற்றினாள். இரும்புக் கொக்கியை இரண்டு கையாலும் தூக்கி, "அம்மாடி!" என்றாள்.

"பாப்பா, நேரா நில்லு" என்று ஜன்னலிலிருந்து குரல் கொடுத்தாள் அண்ணி. லைன்மேல்தான் இருந்தார்கள் இருவரும். ஆனாலும் நாத்தனார் நேராக நின்றாள்.

கொக்கி ஹாரனை அடித்தாள். மாமியார் வழக்கம்போல ஒருமுறை இருமிவிட்டு நகர்ந்தாள். காலடியில் தீப்பெட்டி 'டக்-டக்' என்றது.

"இதுவா?" என்று கேட்டார் அதிகாரி.

"இதுதான் சார்."

முதல் தடவையாக அவர் சிரித்தார்.